குதி படாத தடம்

சேர்,

உங்கள் பித்தளைக் கோணமானி என் மேசையில் கிடக்கிறது. இரண்டு தகடுகள், ஒரு திருகாணி, பாகை பொறித்த ஓர் அரைவட்டம். காலையில் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தபோது பித்தளை மணம் விரல்களில் ஒட்டிக்கொண்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. உங்கள் புதன்கிழமைக் கிளினிக் முழுக்க இந்த மணம்தான், ஈரப் பிளாஸ்டர் மணத்தோடு கலந்து.

அதன் பக்கத்தில் ஒரு கடிதம். உங்களிடம் பயிற்சி பெற்ற டொக்டர்மார் சேர்ந்து உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். சேரைப் பற்றிய இனிய நினைவுகளை இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் இனியது ஒன்றும் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

நீங்கள் எங்கள் கிழக்குக் கரையின் பெருமை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை யாருக்குக் காலில் எது வந்தாலும் “நம்மட கால் டொக்டரிட்டப் போங்க” என்பார்கள். போடியார் வீட்டுப் பிள்ளை. உங்கள் வாப்பாவின் வயல்களில் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு சேறு மிதித்தார்கள். அந்த நெல்லில் நீங்கள் சீமைக்குப் போய்ப் படித்தீர்கள். பாதமும் கணுக்காலும்தான் உங்கள் வித்தை என்று பேரெடுத்து, எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வந்து அமர்ந்தீர்கள்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தபோது எங்கள் தறிக்கொட்டிலின் கூரை வளை முறிந்து உம்மாவின் வலது கணுக்காலில் விழுந்தது. எங்கள் ஊர் மருதமுனையில் தறிச் சத்தம் கேட்காத ஒழுங்கை இல்லை. எங்கள் வீட்டுத் தறி உம்மாவுடையது. வாப்பா நூல் எடுக்கவும் இடுப்பில் கட்டும் சாரன் விற்கவும் ஓடித் திரிவார். நெய்வது உம்மா. கட்டம் போட்ட சாரனில் ஒரு கட்டம்கூட மூலை கோணாது என்று கடைக்காரர்கள் பேர் சொல்லிக் கேட்டு வாங்கிய சாரன்கள் அவை. முறிவு வைத்தியர் பத்துப் போட்டுக் கட்டினார். எலும்பு பொருந்தியது. மூட்டு நொறுங்கியபடியே நின்றது. ஒன்றரை வருஷம் உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தறி மிதித்தார். பிறகு வாப்பா அவரை உங்களிடம் கூட்டிவந்தார். எனக்கு அப்போது பதினேழு வயது. பையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன்.

நீங்கள் உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தீர்கள். இந்தக் கோணமானியின் ஒரு தகட்டைக் கெண்டைக்காலோடும் மற்றதைப் பாதத்தின் ஓரத்தோடும் வைத்து அளந்தீர்கள். பிறகு வாப்பாவிடம் சொன்னீர்கள்.

“மூட்ட எடுத்துட்டு எலும்போட எலும்பச் சேத்து இறுக்கிப் போடுவம். அசையாது. அசையாட்டி நோகாது.”

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். “டொக்டர், தறி மிதிக்க ஏலுமா?”

“வடிவா நடக்கலாம் உம்மா. பயப்பட வேணாம்.”

“நடக்கிறதக் கேக்கல்ல டொக்டர்...”

அதற்குள் நீங்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள். வாப்பா உம்மாவை அதட்டினார். “பெரிய டொக்டரிட்ட என்ன கேள்வி? அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?”

மூன்று மாதத்துக்குப் பிறகு பிளாஸ்டரை வெட்டினார்கள். உம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் நின்றார். விரல்கள் நிலத்தில் இருந்தன. குதிகால் இல்லை. இரண்டு விரல் தடிப்புக்கு அது அந்தரத்தில் நின்றது. நோகிறதா என்று கேட்டீர்கள். நோ இல்லை, குதிதான் நிலத்தில் படவில்லை என்றார் உம்மா.

“அது அப்பிடித்தான். குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டாச் சரியா வரும். அதுக்காகத்தான் அப்பிடி வச்சிரிக்கன்.”

வாப்பா கல்முனைக் கடைத்தெரு முழுக்க அலைந்து ஒரு சோடி வாங்கிவந்தார். கறுப்பு. வெள்ளிக் கொளுக்கி. அதைப் போட்டுக்கொண்டு உம்மா எங்கள் வளவு மணலில் இறங்கியபோது வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டார்.

“என்ன மச்சி, கொழும்புக்கா பயணம்?”

“கால் டொக்டர் போடச் சொன்னவர்.”

“அவர்ர பொண்டாட்டிக்குச் சொல்ல வச்சிருந்தத மாறி ஒனக்குச் சொல்லிட்டாராக்கும்.”

உம்மாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டடி வைத்தார். கடற்கரை மணல், சேர். உங்கள் வீட்டு வளவிலும் அதே மணல்தான். குச்சி மாதிரியான குதி மணலுக்குள் இறங்கியது, உம்மா பக்கவாட்டில் விழுந்தார். மாமியின் சிரிப்பு நின்றது. அடுத்த நாளிலிருந்து அந்தச் சப்பாத்துகளில் ஒன்று கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தது.

அதற்குப் பிறகு காலையில் கூட்டிப் பெருக்கிய மணலில் உம்மா நடந்தால் யார் நடந்தார் என்று கேட்கத் தேவையில்லை. இடது தடம் முழுசு. வலது தடத்தில் முன்பாதி மட்டும். பின்பாதியில் மணல் கலையாமல் கிடக்கும்.

தறியில் ஒரு மாதம் முயன்றார். குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை அழுத்துவது கணுக்காலின் வேலை. எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது அங்கேதான் தெரியும். அது செத்துப்போனதால் இடுப்பால் தள்ளினார். பாவின் இழைகள் சரியாகப் பிரியவில்லை. இடையில் ஓடிய நாடா இழையைக் குத்தி அறுத்தது. முடிந்து முடிந்து நெய்த சாரன் முழுக்க முடிச்சு. பிறகு மாமியின் மகள் வந்து அந்தத் தறியில் அமர்ந்தாள். உம்மா பக்கத்தில் பாய் போட்டு அவளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தார். தன் தறி இன்னொருத்தியின் காலுக்குச் சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டே.

நான் டொக்டருக்குப் படித்தது ஊருக்குச் சேவை செய்ய என்று பள்ளிக்கூட விழாவில் யாரோ பேசினார்கள். பொய். உங்கள் முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்கவும், பிழை விட்டேன் என்று உங்கள் வாயால் சொல்ல வைக்கவும்தான் படித்தேன். அந்தச் சொல்லைக் கொண்டுபோய் உம்மாவின் பாயில் வைக்க வேண்டும். வேறு நோக்கம் இருக்கவில்லை. இறுதிச் சோதனை முடிந்ததும் பயிற்சிக்கு உங்கள் வாட்டையே கேட்டு வந்தேன். மருதமுனைக்காரன் என்றதும் உங்களுக்குச் சந்தோஷம். “நம்மட ஆள்” என்றீர்கள்.

உங்களிடம் வேலை பழகுவது என்றால் முதல் ஆறு மாதம் கால் பிடிப்பதுதான். நீங்கள் பிளாஸ்டர் சுற்றும்போது பாதத்தைச் சொன்ன கோணத்தில் அசையாமல் தாங்க வேண்டும். தோள் மரத்துப்போகும். அசைந்தால் முழங்கையில் ஒரு தட்டு. பிறகுதான் சுற்ற விடுவீர்கள். “விரல் நுனி படப்படாது. உள்ளங்கை. விரல் பட்ட இடம் உள்ளுக்க புண்ணாகும்” என்று ஆயிரம் தரம் சொல்லியிருப்பீர்கள். பிளாஸ்டர் முதலில் சுடும், பிறகு குளிரும், பிறகு இறுகும். இறுகும் வரை பாதத்தை உள்ளங்கையில் வைத்துக் காத்திருப்பீர்கள். வளைந்த பாதத்தோடு பிறந்த கைக்குழந்தைகள்கூட உங்கள் கையில் அழாமல் கிடந்தன. வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கி அனுப்புவீர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். நீங்கள் கெட்டிக்காரர். அதனால்தான் மன்னிக்க முடியவில்லை. கைதேர்ந்தவன் ஒருவன் கேட்காமல் செய்த பிழை அது.

உங்களுடைய இன்னொரு பாடம்: “காலப் பாக்க முதல் சப்பாத்தப் பார். தேஞ்ச இடம் உண்மை சொல்லும்.” மாணவர்கள் அதைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். ஒரு புதன்கிழமை அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு வயற்காரர் வந்தார். மாடு மிதித்த கால். வழக்கம்போலக் கேட்டீர்கள்.

“எங்க சப்பாத்து?”

“சப்பாத்தா? பெருநாளைக்குப் போடுற செருப்பு ஒரு சோடி இரிக்கி டொக்டர். அதுல தேயுறதுக்கு ஒண்டுமில்ல. என்ட காலுதான் தேஞ்சிரிக்கி, அதப் பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அவர் சொன்னதை யாரும் கொப்பியில் எழுதவில்லை.

கேள்வி கேட்க நான் தேடிய நாள் தானாக வந்தது. மாதக் கடைசிப் பாட வகுப்பில் ஒளிப்பெட்டியில் எக்ஸ்ரே படங்களைத் தொங்கவிட்டு விளக்கிக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவது படத்தை மாட்டியதும் உங்கள் குரல் மாறியது. பிடித்த படம். “நாப்பது வயசுப் பொம்பள. சூறாவளியில நொறுங்கின மூட்டு. எப்பிடிப் பிடிச்சிரிக்கி பாருங்க” என்றீர்கள். குறுக்காக இரண்டு திருகாணி. அவற்றுக்கு நடுவில் முறிந்துபோய் உள்ளே தங்கிவிட்ட துளையூசியின் நுனி, நெல்மணி அளவு. அந்த நுனியை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அலுமாரியில் உம்மாவின் எக்ஸ்ரே ஒன்று இருந்தது. படிக்கிற காலத்தில் வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து அந்த நெல்மணியை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். படத்தின் மூலையில் இருந்த பேரின் முதலெழுத்தும் வருஷமும் உம்மாவுடையவை.

“பொம்பளயளுக்குப் பாதத்தப் பத்துப் பாகை கீழ சரிச்சு வைக்கிறது. ஏன்?” என்று கேட்டீர்கள்.

“குதி உயர்ந்த சப்பாத்துப் போடுறதுக்கு, சேர்” என்றான் ஒருவன்.

“நல்லது.” கோணமானியை என்னிடம் நீட்டினீர்கள். “நீ வந்து அளந்து காட்டு.”

நான் ஒளிப்பெட்டியின் முன் போய் நின்றேன். அளக்கவில்லை.

“சேர், இவ சப்பாத்துப் போடுறதில்ல. மணல்ல வெறுங்காலோட நடக்கிறவ. இவட குதி ஒம்பது வருஷமா நிலத்துல படல்ல. தறி நெய்தவ. இப்ப நெய்ய ஏலா.”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“என்ட உம்மா.”

கதிரை ஒன்று கிறீச்சிட்டது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். நான் காத்திருந்தேன். அந்தச் சொல் வரும் என்று அப்போதுகூட நம்பினேன்.

“திரும்பக் கிளினிக்குக்கு வந்து சொன்னாவா?”

“இல்ல சேர். ஒரு நாள் முழுக்க பஸ்ல வரணும்.”

“வரல்லண்டா சுகம் எண்டுதான் நாங்க எழுதுற. சரி, எலும்பு பிடிச்சிரிக்கா இல்லயா? அதச் சொல்லு.”

“பிடிச்சிரிக்கி, சேர்.”

“அப்ப அடுத்த படம்.”

சேர், உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த பிழை பத்துப் பாகை அல்ல. இந்த மூன்று சொல்தான். பத்துப் பாகை சீமைப் புத்தகத்தில் இருந்தது. அங்கே பெண்கள் சப்பாத்துப் போடுகிறார்கள், அதனால் அப்படி எழுதினார்கள். நீங்கள் வெறுங்கால்களைப் பார்த்தே வளர்ந்தவர். உங்கள் சோறு அந்தக் கால்கள் மிதித்த சேற்றிலிருந்து வந்தது. கத்தியைக் கையில் எடுத்ததும் அவை உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன. திரும்பி வராதவர்களையெல்லாம் சுகம் என்று எழுதி, அந்த எண்ணிக்கையின் மேல் பேர் கட்டினீர்கள்.

வகுப்பு முடிந்தபோது கோணமானி என் பையில் இருந்தது. கொடுக்கவில்லை. அடுத்த நாள் நீங்கள் அற்றென்டனைத் திட்டத் தொடங்கியதும், “அவரை விடுங்க சேர், என்னட்டத்தான் இரிக்கி, தரமாட்டன்” என்றேன். மேற்படிப்புக்கு அனுப்பும் சிபாரிசில் ஒரு வரி எழுதினீர்கள்: கையில் திறமை உண்டு, பணிவு இல்லை. வெளிநாடு அத்தோடு முடிந்தது. நான் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றம் கேட்டு வந்துவிட்டேன்.

இங்கே என் அறையின் பின்பக்கக் கதவடியில் ஆறடிக்கு ஈர மணல் பரப்பி வைத்திருக்கிறேன். காலில் எந்த நோவோடு வந்தாலும் அதில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். எங்கே பாரம் விழுகிறது, எங்கே விழவில்லை என்று தடம் சொல்லும். அதற்கு முன் ஒரு கேள்வி: இந்தக் காலால் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? பாலமுனையில் வலை இழுக்கிறவர் ஒரு பதில் சொல்வார். வரம்பில் நடக்கிறவர் இன்னொன்று சொல்வார். அதற்கேற்றபடிதான் என் கை வேலை செய்யும்.

உம்மாவின் காலைத் திருத்தி வைக்கிறேன் என்றும் கேட்டேன். ஆப்பு வடிவில் எலும்பை வெட்டி எடுத்தால் குதி நிலத்துக்கு வரும்.

“ஒருக்கா வெட்டினது காணும் மகன்” என்றார். “வெட்டினா தறி மிதிக்க ஏலுமா?”

“ஏலா உம்மா. மூட்டு திரும்ப வராது. குதி மட்டும் படும்.”

“அப்ப என்னத்துக்கு?”

போன வருஷம், சண்டையால் பாதைகள் பூட்டிக் கிடந்த மாதத்தில், நீங்கள் என்னிடம் வந்தீர்கள். ஓய்வு பெற்றுப் போடியார் வீட்டுக்கே திரும்பியிருந்தீர்கள். நீரிழிவால் பாதம் உணர்ச்சி இழந்திருந்தது. உள்ளங்காலில் ஒரு புண். உங்கள் பழைய ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. நீங்கள் வரப்போகும் செய்தி முதல் நாளே தெரிந்தது. அன்று காலையில் உம்மாவைக் கூட்டிவந்து மணலில் நடக்கவைத்து, அந்தத் தடத்தைக் கலைக்காமல் வைத்திருந்தேன். உம்மாவை ஓரத்தில் மர வாங்கில் இருத்தினேன். ஓம், திட்டம் போட்டுத்தான் செய்தேன்.

முதலில் உங்கள் சப்பாத்தைப் பார்த்தேன், நீங்கள் சொல்லித் தந்தபடி. சீமைச் சப்பாத்து. உள்ளே ஓர் ஆணி தோலைத் துளைத்துக்கொண்டு நின்றது. எத்தனை நாள் அதன்மேல் நடந்தீர்களோ, உங்களுக்குத் தெரியவில்லை.

“சேர், இந்தக் காலால ஒங்களுக்கு என்ன செய்யணும்?”

யாரும் உங்களிடம் கேட்டிராத கேள்வி. “தொழுகைக்குப் பள்ளிக்கு நடந்து போகணும்” என்றீர்கள்.

“புண்ணுக்குச் சீலை சுத்தியிரிக்கன். ரெண்டே ரெண்டு அடி, மெதுவா வைங்க.”

வைத்தீர்கள். கீழே பார்த்தீர்கள். உங்கள் தடத்துக்குப் பக்கத்தில் மற்றத் தடம். இடது முழுசு, வலது பாதி. நீங்கள் மணலைப் பார்த்தீர்கள், பிறகு வாங்கிலிருந்த உம்மாவின் காலைப் பார்த்தீர்கள், பிறகு கையை என் பக்கம் நீட்டினீர்கள். கோணமானியைக் கொடுத்தேன். புண்காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு உம்மாவின் முன்னால் குந்தினீர்கள். உம்மா பதறிப்போனார்.

“மகன், டொக்டருக்கு ஒரு கதிரயக் குடு. நிலத்துல இரிக்கிறாரே.”

நீங்கள் அளந்தீர்கள். இன்னொரு தரமும் அளந்தீர்கள்.

“பதினாலு” என்றீர்கள். “பத்தில்ல.”

அவ்வளவுதான். பிளாஸ்டருக்குள் சரிந்திருக்கலாம், அல்லது அன்று கால் பிடித்தவன் அசைந்திருக்கலாம். வாயைத் திறந்தீர்கள். அந்தச் சொல்தான் வருகிறது என்று நினைத்தேன். “சரியான சப்பாத்து எண்டா...” என்று தொடங்கி நிறுத்திவிட்டீர்கள். கோணமானியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு எழும்பினீர்கள்.

உங்கள் காலுக்கு நான் பிளாஸ்டர் போட்டேன். அடிப்பாதம் முழுக்கச் சமமாகப் பாரம் விழும்படி, நீங்கள் பழக்கியபடி. இரண்டு மாதத்தில் புண் ஆறியது. நீங்கள் பள்ளிக்கு நடந்து போவதைச் சனம் பார்த்தது. அதற்குப் பிறகு நெஞ்சு நின்று போனீர்கள். ஜனாஸாவுக்கு ஊரே திரண்டது. “போய் ஒரு துஆக் கேட்டுட்டு வா” என்றார் உம்மா. நான் போகவில்லை. உம்மா தன் பாயில் இருந்தபடியே உங்களுக்காகத் துஆக் கேட்டார். அது அவருடைய பெருந்தன்மை. என்னிடம் அது இல்லை, வரவும் வேண்டாம்.

நீங்கள் சொல்லாத சொல்லை நான் இங்கே எழுதுகிறேன், சேர். பிழை விட்டீர்கள். மலரில் இது வந்தால் அச்சில் நிற்கும். வராவிட்டால் என் அறைச் சுவரில் ஒட்டுவேன். கோணமானியில் பத்துப் பாகைக் கோட்டை அரத்தால் ராவி எடுத்துவிட்டேன். அந்த இடம் இப்போது வழவழவென்று இருக்கிறது. சப்பாத்தைப் பார் என்ற உங்கள் பாடத்தை என்னிடம் வேலை பழகுகிற யாருக்கும் நான் சொல்லித் தருவதில்லை. அது உங்களோடு போகட்டும்.

ஒன்றை மட்டும் ராவி எடுக்க முடியவில்லை. இன்று காலையும் ஒரு கைக்குழந்தைக்குப் பிளாஸ்டர் போட்டேன். சுட்டது, குளிர்ந்தது, இறுகத் தொடங்கியது. குனிந்து பார்த்தபோது என் விரல்கள் விலகி நின்றன. பாதம் என் உள்ளங்கையில் கிடந்தது. குழந்தை அழவில்லை. அது உங்கள் கை, சேர். அதை வைத்துக்கொண்டுதான் இந்தக் கரையின் கால்களையெல்லாம் தொட வேண்டியிருக்கிறது.